சூறாவளிக் கட்டி

நடுவீட்டிலிருந்து குரவைச் சத்தம் எழுந்தது. ஐந்தாறு பெண்களின் நாக்குகள் ஒன்றாய்ச் சுழன்று எழுப்பிய அந்தச் சத்தம் சுவரைக் கடந்து, அடுப்படிப் புகையைக் கடந்து ஹாஜறாவின் காதில் விழுந்தபோது, அவள் கையில் பிடித்த அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் இல்லாத குரவை அது. கல்முனைக்குடியில் ஒரு கலியாண வீட்டில் ஹாஜறா அடுப்படியில் நிற்க, மற்றவர்கள் குரவை போடுவது அதுவரை நடந்திராத காரியம். மாப்பிள்ளை கடப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைக்கும்போது எல்லாப் பெண்களும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் முக்காட்டை வாயோரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் எடுப்பாள். கடற்கரையில் வலை உலர்த்தும் ஆட்கள்கூட, "ஹாஜறா எடுத்திட்டா, மாப்பிள வந்திட்டார்" என்று சொல்லிக்கொள்வார்கள்.

கலியாண வீட்டுக்காரி, ஹாஜறாவின் பக்கத்து வளவு ஸகியா அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ராத்தா, இஞ்ச வந்து ஒளிச்சு நிக்கிறீங்க? அங்க அவளுகள் போடுறது குரவையா? கோழிக்கூட்டுக்குள்ள கீரி பூந்த மாதிரிக் கிடக்கு. ஒரு தரம் வந்து போட்டுட்டுப் போங்க. என்ட மகள்ர கலியாணம் ஊமைக் கலியாணமாப் போகுது."

ஹாஜறா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். ஓட்டை விழுந்த துருத்தியிலிருந்து வருவதுபோல வெறும் காற்றுத்தான் வந்தது.

"ஊரு முழுக்கக் குரவை போட்டுத் தொண்டயக் கிழிச்சு வெச்சிரிக்கீங்க," என்றாள் ஸகியா. "இனி ஒங்கட மகள்ர கலியாணத்துக்கு ஒலிபெருக்கிதான் கட்டணும்."

அடுப்படியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஹாஜறாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் முக்காட்டுக்குள் அவளுடைய கை கழுத்தைத் தேடிப் போனது. போன மாதம் தேசிக்காய் அளவிருந்த கழலை இப்போது கைக்குள் அடங்கவில்லை.

அந்தக் கழலையோடு அவள் பத்தொன்பது வருடம் வாழ்ந்திருந்தாள். மகள் றாஹிலா பிறந்த வருடம் அது தலைகாட்டியது. நோவும் இல்லை, தொந்தரவும் இல்லை. "என்ட பொண்டாட்டி கழுத்தில தங்கம் இல்லாட்டியும் ஒரு முத்துக் கிடக்கு" என்று புருஷன் முகைதீன்பாவா பகிடி பண்ணுவார். அவரும் போய்விட்டார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அந்தக் கரையைப் புரட்டிப் போட்டபோது வீட்டின் மேற்குச் சுவர் அவர் மேல் சாய்ந்தது. அதே கணத்தில் கூரை மரமொன்று ஹாஜறாவின் உச்சந்தலையில் விழுந்தது. அவர் எழும்பவில்லை. இவள் எழும்பினாள். அன்றிலிருந்து நெல்லு அவித்துக் குத்தி அரிசி விற்று, விழுந்த சுவரைத் திரும்பக் கட்டி, அந்த வீட்டை மகளுக்குச் சீதனமாய் எழுதி வைக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் எந்தத் தாய்க்கும் அந்த ஊரில் நித்திரை வருவதில்லை.

எண்பத்தோராம் ஆண்டு பிறந்தபோது அவளுடைய உச்சந்தலையில் ஒரு கட்டி எழும்பியது. மரம் விழுந்த அதே இடம். வேறு காரணம் யார் தேடப்போகிறார்கள்? சூறாவளிக்குப் பிறகு அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சூறாவளிதான் காரணம். தென்னை குரும்பை உதிர்த்தால் சூறாவளி. கிணறு உவர்த்தால் சூறாவளி. ஸகியாவின் புருஷன் இரண்டு வார்த்தைக்கு ஒரு வார்த்தை மறந்துபோனால் அதுவும் சூறாவளி. ஆகவே ஹாஜறாவின் தலையில் எழும்பியது சூறாவளிக் கட்டி. ஊரே பேர் வைத்துவிட்டது. குரல் போனதற்குக் காரணம் குரவை. கழுத்துக் கழலையோ முக்காட்டுக்குள் கிடந்தது. அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை.

ஒரு நாள் பகல், தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுதான் அவளுக்கு முதல் பயம் பிடித்தது. விரலை அந்தக் கட்டியின் மேல் வைத்தாள். அது துடித்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், நெஞ்சும் துடித்தது. திரும்பத் தலையில் வைத்தாள். தலைக்குள் இன்னொரு உயிர் குடியிருந்துகொண்டு அவளோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோல இருந்தது. எண்ணெய்ப் போத்தல் கவிழ்ந்து பாயெல்லாம் ஊறியது. அவள் எழும்பவில்லை.

யாரிடம் சொல்வாள்? அந்த மாதம்தான் றாஹிலாவுக்குச் சம்பந்தம் முற்றாகி, அறுவடை முடிந்ததும் கலியாணம் என்றிருந்தது. சாய்ந்தமருதில் கூட்டுறவுக் கடையில் வேலை பார்க்கும் ஜெமீல் மாப்பிள்ளை. அவனுடைய தாய் சித்தி லைலா பெண் பார்க்க வந்த அன்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்தாள், கடைசியில் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மதினி, குறையா நினைக்காதீங்க. பரம்பரையில வருத்தம் வாதை ஏதும் இரிக்கா?"

"ஒண்டுமில்ல மதினி," என்றாள் ஹாஜறா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு.

கலியாணமாகாத குமரை வைத்திருக்கும் விதவை வேறு என்ன சொல்வாள்? நீங்களே சொல்லுங்கள்.

தலைக் கட்டியை மட்டும் பரிசாரி ஸைனுலாப்தீனிடம் காட்டினாள். அவர் நல்ல மனிதர். முறிந்த கை கால் கட்டுவதில் பேர் எடுத்தவர். அவள் சீலைத் தலைப்பைத் தாடையின் கீழ் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உச்சந்தலையை மட்டும் விலக்கிக் காட்டினாள். நோவு உள்ள இடத்தைத் தவிர வேறு இடத்தை அந்நிய ஆணுக்குக் காட்டாமல் வளர்ந்த உடம்பு அது. அதற்கு முன்பு மருத்துவிச்சியிடம் கழுத்தைக் காட்டியபோதும் தலையை மூடிக்கொண்டு கழுத்தை மட்டும் காட்டினாள். அவளுடைய தலையையும் கழுத்தையும் ஒன்றாய்ப் பார்த்த வைத்தியர் ஒருவரும் இல்லை.

"சூறாவளியில கெட்ட ரெத்தம் உறைஞ்சு போய்க் கிடக்கு," என்றார் பரிசாரி. "பத்துப் போட்டுப் பழுக்க வைப்பம். பழுத்தாப் பிறகு ஒரு கீறல். அவ்வளவுதான் தங்கச்சி."

பத்துப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கட்டி பழுக்கவில்லை, வளர்ந்தது. கடைசியில் ஒரு புதன்கிழமை காலை அவர் கத்தியை நெருப்பில் காய்ச்சி எடுத்தார். றாஹிலா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். கத்தியின் நுனி பட்டதுதான் தாமதம்.

சீழ் வரவில்லை. இரத்தம் பீறிட்டது. பரிசாரியின் வெள்ளைச் சட்டையில், சுவரில், றாஹிலாவின் முகத்தில் எல்லாம் தெறித்தது. அவர் துணியை வைத்து அழுத்தினார், துணி நனைந்தது. அடுத்த துணியை வைத்தார், அதுவும் நனைந்தது. அவர் வாய் ஸலவாத்தை முணுமுணுத்தது. ஆயிரம் எலும்பு கட்டிய கைக்கு அந்த இரத்தம் அடங்கவில்லை.

"என்ட ஆயுசுக்கும் இப்பிடி ஒரு ரெத்தத்த நான் காணல்ல புள்ள," என்று றாஹிலாவிடம் சொன்னார். "நீ இதக் கையெடுக்காம அமத்திப் புடி. நான் கார் பாத்து வாறன்."

ஹாஜறாவுக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. அப்போதும் அவளுடைய இடது கை கழுத்தடியில் சீலையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தை நிறுத்தியவர் பாண்டிருப்பைச் சேர்ந்த கனகரெத்தினம் டொக்டர். கட்டுப் போட்டு முடித்தவர், கட்டின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பேசாத டொக்டரைப் போலப் பயங்காட்டும் ஒன்று உண்டா?

"அம்மா, உங்கட குரல் எவ்வளவு காலமா இப்படி?"

"குரவை போட்டுப் போட்டு அடைச்சுப்போச்சு ஐயா."

"குரவையால இப்படி அடைக்காது. முக்காட்ட முழுசா எடுங்க, பாப்பம்."

ஹாஜறா அசையவில்லை. வெளி வாங்கில் ஊர்ப் பெண்கள் வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் போட்ட திரை காற்றில் ஆடியது. டொக்டர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. தாதியைக் கூப்பிட்டுத் திரையை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்த மரியாதைதான் அவளைக் கரைத்தது. முக்காடு தோளில் விழுந்தது. அவர் திரும்பினார். முதல்தடவையாக ஒரு வைத்தியரின் கண் அவளுடைய தலையையும் கழுத்தையும் சேர்த்துப் பார்த்தது.

"ஓம்," என்றார் அவர் மெதுவாக. "ரெண்டும் ஒண்டுதான் அம்மா."

"என்ன ஐயா?"

"கழுத்தில இருக்கிறதும் தலையில இருக்கிறதும் ஒரே வருத்தம். கழலை கன காலம் சும்மா கிடந்திருக்கு. இப்ப குணம் மாறிற்று. ரெத்தத்தோட ஏறிப் போய்த் தலையோட்டில குடியிருக்கு. குரலையும் அதுதான் அடைச்சிருக்கு. வழமையா இது கழுத்தோட நிக்கும், மிஞ்சினா நெஞ்சுக்குப் போகும். தலையில போய் இப்படித் துடிக்கிறத நான் புத்தகத்திலதான் கண்டிருக்கன்."

"மரம் விழுந்ததால இல்லையா?"

"மரத்தில குற்றமில்ல."

"வேற எங்கயும் போயிரிக்குமா?"

"போயிருக்கலாம். படம் எடுத்தாத்தான் தெரியும். மஹரகமைக்கு அனுப்புறன். வெட்டுவாங்க, கரண்ட், அதான் கதிர் பிடிப்பாங்க. சுணங்காம இந்தக் கிழமைக்குள்ள போகோணும்."

மஹரகம. இந்த வருத்தத்துக்கென்றே ஆஸ்பத்திரி உள்ள, கொழும்புப் பக்கத்து ஊர் ஒன்றின் பேர் அது. ஆனால் அந்தக் கரையில் அது ஊரின் பேர் இல்லை. "அவரை மஹரகமைக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று யாராவது சொன்னால், கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு "இன்னாலில்லாஹ்" என்று தொடங்கிவிடுவார். ஆள் உயிரோடு இருக்கும்போதே.

"மகளுக்கு வருமா ஐயா? தொத்துமா?"

"தொத்தாது. மகளுக்கு வருமெண்டும் இல்ல." டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கூட்டிக்கொண்டு போக ஆம்பிளை ஆர் இருக்கு?"

புருஷன் இல்லை. ஆண்பிள்ளை இல்லை. கூடப் பிறந்த காக்கா தம்பி ஒருவரும் இல்லை. குமரைத் தனியே வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. குமரைக் கூட்டிக்கொண்டு, ஆண் துணையில்லாமல், பாஷை தெரியாத ஊரில் போய்க் கிடக்கவும் முடியாது. விட்டால் ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியும். ஏனென்றால் மற்றவர்களைப் பற்றி அவளும் அப்படிப் பேசியவள்தான்.

அன்றிலிருந்து ஹாஜறாவின் வாழ்வு பயம் என்ற ஒன்றாகச் சுருங்கிவிட்டது. நெல்லுப் பானையை இறக்கும்போது முதுகு வலித்தால், அங்கேயும் வந்துவிட்டதோ என்று நின்றுவிடுவாள். இருமினால் நெஞ்சைப் பிடிப்பாள். குளிக்கும்போது விலா எலும்பு ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்ப்பாள். முழங்கால், தோள்மூட்டு, கண்ணின் மேல் எலும்பு, எல்லா இடத்திலும் விரல் போய்த் தேடும். தன் உடம்பிலேயே ஒளித்துத் திரியும் கள்ளனைப் பிடிக்க அலைபவள்போல அலைந்தாள்.

இரத்தம் ஊறிய சீலையைக் கிணற்றடியில் அலசிக்கொண்டிருந்த றாஹிலா ஒரு நாள் சொன்னாள்.

"கலியாணத்த நிப்பாட்டுவம் உம்மா. முதல்ல ஒங்கள மஹரகமைக்குக் கொண்டு போவம்."

"வாய மூடு புள்ள. சுவருக்கும் காதிரிக்கு."

"என்னத்துக்கு மூடுற?"

"கதை வெளிய போனா, அந்தக் குடும்பத்தில வருத்தமெண்டு பேராகிடும். ஒன்னை ஆரு எடுப்பான்? அறுவடை முடியட்டும். கலியாணம் முடியட்டும். மறுகா நான் போறன்."

றாஹிலா சீலையைப் பிழிந்தாள். தண்ணீர் இன்னும் இளஞ்சிவப்பாய்த்தான் ஓடியது.

"அறுவடை வரைக்கும் அது நிக்குமா உம்மா? அதுக்கிட்டக் கேட்டீங்களா?"

ஹாஜறா மகளின் கண்ணில் தன்னுடைய பயத்தையே பார்த்தாள். தான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்த பயம், பிள்ளையின் முகத்தில் அப்படியே ஏறியிருந்தது. அந்த வாரம் முழுதும் மகள் பேசவில்லை. தாய்க்குக் குரலில்லை. வீடு மையத்து வீடுபோலக் கிடந்தது.

பரிசாரி வீட்டுச் சுவரில் தெறித்த இரத்தம் சும்மா இருக்குமா? அது வாய் முளைத்து, சந்தைக்குப் போய், சாய்ந்தமருதுக்கும் போனது. ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்த கையோடு சித்தி லைலா குடையைப் பிடித்துக்கொண்டு தனியே வந்து நின்றாள். பெண் பேசிய பிறகு சம்பந்தக்காரி சொல்லாமல் கொள்ளாமல், தட்டும் இல்லாமல் வெறுங்கையோடு வருவது நல்லதுக்கல்ல என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஹாஜறா பாயை விரித்தாள். றாஹிலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளறைக்குள் போய்விட்டாள். சித்தி லைலா தேத்தண்ணியைத் தொடவில்லை.

"மதினி, சந்தையில ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு கதைக்கிறாங்க. சூறாவளிக் கட்டி எண்டு ஒருத்தி சொல்றா. வேற பேரும் சொல்றாங்க, அத என்ட வாயால சொல்லமாட்டன். ஒங்கட வாயால கேக்கத்தான் வந்தன்."

பொய் சொல்ல ஹாஜறாவுக்குக் குரல் இருக்கவில்லை. அது உண்மை, பாருங்கள். ஒரு பொய்யைப் பொருந்தச் சொல்வதற்கு எவ்வளவு குரல் வேண்டியிருக்கிறது! அவள் எழும்பிப் போய்க் கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து, முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். கழுத்துக் கழலை ஒரு பக்கம். கட்டுத் துணிக்குக் கீழே புடைத்து நின்ற தலைக் கட்டி ஒரு பக்கம்.

சித்தி லைலாவின் வெற்றிலைச் சிவப்பு உதடு வெளுத்துப்போனது. ஹாஜறா அவளுடைய கையைப் பிடித்து, துணியின் மேலேயே கட்டியில் வைத்தாள். அது துடித்தது. சித்தி லைலா கையை உதறி எடுத்து, சீலையில் துடைத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. ஹாஜறா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாய்தான் மருமகளுக்குத் தாலி கட்டுவது அந்த ஊர் வழக்கம். இந்தக் கையால் என் மகளுக்கு இனி இந்தப் பெண் தாலி கட்டமாட்டாள் என்று அவள் மனம் முடிவு சொல்லிவிட்டது.

"இது தொத்துமா?"

"இல்லயாம்," என்றாள் ஹாஜறா காற்றுக் குரலில். "புள்ளைக்கு வருமெண்டும் இல்லயாம். டொக்டர் சொன்னார். நான் பிழைப்பனா எண்டது மட்டும் தெரியா மதினி. மஹரகமைக்குப் போகச் சொன்னாங்க. போகல்ல."

"ஏன் போகல்ல?"

"குமர ஆருக்கிட்ட விட்டுட்டுப் போற? என்னை ஆரு கூட்டிப்போற? கலியாணம் முடியட்டும் எண்டு ஒளிச்சு வெச்சன். ஒங்களுக்குப் பொய் சொன்னன்."

"ஓம், சொன்னீங்க." சித்தி லைலாவின் குரல் கடுத்தது. "ஒளிச்சு வெச்சுக் கட்டிக் குடுத்துட்டு, மூணாம் மாசம் நீங்க மவுத்தாப் போனா? என்ட மகன் ஏமாந்த மாப்பிள. ஒங்கட மகள் ஏமாத்தினவள்ர புள்ள. ரெண்டு பேரும் ஆயுசுக்கும் அத மென்டு தின்டுகொண்டு குடும்பம் நடத்துற. இதத்தானே மதினி எங்களுக்குச் சீதனமாத் தரப் பாத்தீங்க?"

ஹாஜறா தலை குனிந்தாள். கண்ணீர் மடியில் விழுந்தது. உள்ளறையில் றாஹிலா விம்முவது கேட்டது. இரண்டு பெண்களும் அதைக் கேட்டார்கள். வெளியே மீன்காரன் சைக்கிளில் கூவிக்கொண்டு போனான்.

சித்தி லைலா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"என்ட உம்மா மவுத்தானதும் இப்படித்தான்," என்றாள் திடீரென்று. "வயித்தில. ஊருக்கு வயித்துவலி எண்டு சொன்னம். ஆரும் எங்கயும் கொண்டு போகல்ல. அவ கத்துற சத்தம் வெளிய கேக்காம இரிக்க, நான் உரல்ல வெறும் உலக்கையால குத்திக்கொண்டு நிப்பன்."

ஹாஜறா நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பிறகு நிக்காஹ் முடிச்சுக் காவின் எழுதுவம்," என்றாள் சித்தி லைலா. "பந்தல் வேணாம். சனம் வேணாம். குரவையும் வேணாம், கோவிச்சுக்காதீங்க. லெப்பையும் ரெண்டு சாட்சியும் போதும். காவின் எழுதிட்டா ஜெமீல் ஒங்களுக்கு மகன். நீங்க அவனுக்கு மஹரமான ஆள். முக்காடு விலகினாலும் அவன் ஒங்களத் தூக்கலாம், புடிக்கலாம், ஆஸ்பத்திரி வாசல்ல படுக்கலாம். பொண்டாட்டியையும் கூடக் கூட்டிப் போகலாம். எவன் என்ன கதைக்கிற? சனிக்கிழம விடிய பஸ் ஏறுங்க."

"மச்சான் ஒத்துக்கொள்ளுவாரா?" ஹாஜறாவின் உதடு மட்டும்தான் அசைந்தது.

"அவரு முதல்ல சத்தம் போடுவார். மறுகா சோறு தின்னுவார். மறுகா ஓம் எண்டுவார். எல்லாம் கட்டின நாள் தொட்டு நான் பாக்கிற கூத்துத்தான்."

ஹாஜறா அவளுடைய கையைப் பிடிக்க நீட்டினாள். நீட்டியவள், அந்தக் கை சற்றுமுன் சீலையில் துடைத்துக்கொண்ட கை என்ற நினைப்பு வந்து பாதியில் நிறுத்தினாள். சித்தி லைலா அதைக் கண்டாள். அவள் முகம் ஒரு கணம் சிவந்தது. ஆனாலும் அவள் கையை நீட்டவில்லை. பயம் அவளுக்கும் இருந்தது. வாக்குக் கொடுத்தாள், பயத்தை விடவில்லை. மனிதர்கள் அப்படித்தான்.

"போய் நல்லா வந்திடுவனா மதினி?"

"அது எனக்குத் தெரியா," என்றாள் சித்தி லைலா. "தெரியாததச் சொல்லி ஒங்களுக்கு நானும் பொய் சொல்லப்படாது. வெள்ளிக்கிழம மட்டும் தெரியும்."

அவள் எழும்பிக் குடையை எடுத்தாள். உள்ளறை வாசலில் ஒரு கணம் நின்றாள். "புள்ள, முகத்தக் கழுவு. மணப்பெண் கண் வீங்கி இரிக்கப்படாது," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். பிறகு படியிறங்கி வெயிலுக்குள் போனாள். கடப்படி வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலிக்கப்பால் ஸகியா தலையை நீட்டி, "என்ன மாமி, வெள்ளனப் போறீங்க?" என்று விசாரிப்பதும், "கலியாண வேல கிடக்கு மகள்" என்று இவள் பதில் சொல்வதும் கேட்டது.

இனி ஸகியா வருவாள். வந்து எல்லாம் கேட்பாள். ஹாஜறா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. சனிக்கிழமைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. முக்காட்டைத் தோளிலிருந்து எடுத்துத் தலையில் போடப் போனவள், போடாமலே வாசல் வரை போய், ஸகியா வருமுன் கதவைச் சாத்தினாள்.